பாறைமேல் நின்ற சக்கரம்

ஏற்காட்டு மலை அடிவாரத்தில் அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை வந்துவிட்டது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வாசலில் பிளாஸ்டிக் பூச்செடி. பாவாயி பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவாள். கண்ணாடிக் கதவு அவள் கண்ணில் படாது. தகரக் கூரைதான் தெரியும். அதன்மேல் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழாது. கியர் ஆயிலின் கந்தக வாடை மூக்கில் ஏறும். நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான் அவள் தம்பி சித்தேசு.

சித்தேசுவுக்கு அப்போது மீசை கறுத்துக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாரும் அவனை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். கோயமுத்தூரில் ரேஸ் வண்டி கட்டுகிற பட்டறையில் இருந்துவிட்டு வந்தவன். காரின் பின்சக்கரங்களுக்கு நடுவே பானை மாதிரி உருண்டையாக ஒரு கூடு இருக்கும், இன்ஜின் இழுவையை இரண்டுக்கும் பிரித்துக் கொடுப்பது. டிஃபரன்ஷியல். அதைத் திறந்து மூடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கேள்வி கேட்டால் லேசில் பதில் சொல்ல மாட்டான். எதையாவது செய்து காட்டுவான். புரிந்தால் புரிந்தது. இல்லாவிட்டால் நாளைக்கு வா என்பான்.

அவனுக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். சோறு ஊட்டி, தலை வாரி, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தது பாவாயிதான். அப்பேர்ப்பட்டவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, அந்தத் தம்பியிடமே தொழில் கற்றுக்கொள்ள வந்து நின்றாள்.

எல்லாம் ஒரு சின்னக் காரால் வந்தது. புருஷன் லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். அதனால் பாவாயி பழைய கார் ஒன்றை ஓட்டப் பழகி, மலைமேல் காப்பித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர்களைக் காலையில் ஏற்றிப்போய் சாயந்திரம் இறக்கி வந்தாள். தார் ரோடு வரைக்கும் தொந்தரவு இல்லை. தோட்டத்துக்குள் போகிற மண் பாதையில் ஒரு ஏற்றம் உண்டு. இடது பக்கம் பள்ளம், மழை பெய்தால் முழங்கால் சேறு. வலது பக்கம் பாறை. அங்கே போய்க் கார் நின்றுவிடும். டீச்சர்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளுவார்கள். ஒருநாள் பெரிய டீச்சரின் செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. கையை விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. "பாவாயி, அடுத்த மழைக்கும் இப்படின்னா நாங்க வேற வண்டி பார்த்துக்கறோம்," என்று ஒற்றைச் செருப்போடு சொல்லிவிட்டுப் போனார்.

லீவு விட்டதும் சித்தேசு சாக்கில் சுற்றி ஒரு கனமான உருண்டையைக் கொண்டுவந்தான்.

"ரேஸ்ல கவுந்து நொறுங்கின கார்லேர்ந்து எடுத்தது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொண்ணுக்கு இழுவை போகும். உன் கார்ல உட்காரும்."

"மாட்டிக் குடுடா சாமி. புண்ணியமாப் போகும்."

"நான் மாட்ட மாட்டேன். நீதான் மாட்டணும். தனியா மலையேறுறவ. அடியில என்ன இருக்குன்னு உன் கைக்குத் தெரியணும்."

அப்படித்தான் அவள் மாணவியானாள்.

முதல் நாளே வம்பு. வண்டிக்காரர்கள் கூட்டமாக நிற்கும்போது, "டேய் தம்பி, மூக்கைத் துடைடா, கரி அப்பியிருக்குது," என்றாள். ஷெட்டே சிரித்தது. சித்தேசு அன்றைக்கே ஒரு சட்டம் போட்டான். ஷெட் வாசலில் படிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு பதிந்திருக்கும். அதற்கு உள்ளே அவன் வாத்தியார், அவள் மாணவி. அதற்கு வெளியே அவள் அக்கா, அவன் தம்பி.

பாவாயி சட்டத்தை மீறவில்லை. கோபம் வந்தால் ஒரு காலைத் தண்டவாளத்துக்கு வெளியே எடுத்து வைப்பாள். "எருமை, தலைக்கு எண்ணெய் வெச்சு எத்தனை நாளாச்சு? நார் மாதிரி நிக்குது!" என்பாள். பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "சொல்லுங்க வாத்தியாரே," என்பாள். வாத்தியாருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை. "இந்தா, இங்க பாரு" என்றே காலத்தைத் தள்ளினான்.

காரை உள்ளே ஏற்றிய அன்று அவள் கேட்டாள்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். என் கார் மாட்டிக்கிற இடத்துல இடது சக்கரம்தான் சேத்துல கிடக்குது. வலது பாறைமேல நல்லாத்தான் நிக்குது. அது இழுத்தா வண்டி ஏறிடும். அது ஏன் இழுக்க மாட்டேங்குது?"

"மாட்டிக்கிட்டா நீ என்ன பண்ணுவ?"

"சாக்கு போடுவேன். கல்லு போடுவேன். கிளை ஒடிச்சுப் போடுவேன். ஒருநாள் மேல போட்டிருந்த துண்டையே எடுத்துப் போட்டேன்."

"எதுக்கு?"

"வழுக்குற சக்கரத்துக்குத்தான்."

"வலதுக்கு என்ன போட்ட?"

"அதுக்கு எதுக்கு? அது பாட்டுக்கு நிக்குது."

சித்தேசு முன்சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை கொடுத்தான். பின்னால் ஜாக்கி வைத்து இடது சக்கரத்தை மட்டும் ஒரு சாண் உயரம் தூக்கினான். அவளை ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொன்னான்.

"ஸ்டார்ட் பண்ணு. முதல் கியர். கிளட்சை மெதுவா விடு."

விட்டாள். இடது சக்கரம் விர்ரென்று சுற்றியது. வலது தரையில் அப்படியே நின்றது. கார் ஒரு விரற்கடை நகரவில்லை.

"இன்னும் குடு."

ஆக்சிலேட்டரை மிதித்தாள். இடது இன்னும் வேகமாகச் சுற்றியது. அந்தக் காற்றில் தரையில் கிடந்த பேப்பர் பறந்து எதிரே இருந்த டீக்கடை வரைக்கும் போயிற்று. வலது நின்றது நின்றபடியே இருந்தது.

"நிறுத்து. இறங்கி வா. எந்தச் சக்கரத்துல குறை?"

"சுத்தாததுலதான்."

"தொட்டுப் பாரு."

அவள் வலது சக்கரத்தைக் காலால் உதைத்தாள். கையால் ஆட்டினாள். காற்று நிறைய இருந்தது. நட்டெல்லாம் இறுக்கமாக இருந்தது.

"இதுல ஒரு குறையும் இல்லையே."

"அப்போ சுத்துறதுல."

"அதுலயும் இல்ல. அந்தரத்துல தொங்குது பாவம். சுத்தாம என்ன பண்ணும்?"

"நாளைக்கு வா."

"வாத்தியாரே, பதில்?"

"நாளைக்கு வான்னேன்ல."

பாவாயி ஒரு காலைத் தண்டவாளத்துக்கு வெளியே வைத்தாள். அன்றைக்குத் திட்டு கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

மறுநாள் மத்தியானம் மேகலா தூக்குவாளியோடு வந்தாள். பாவாயியின் மூத்த பெண். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். இடுப்பில் அவள் தம்பி பூபதி. இறக்கிவிட்டால் நடக்கிற வயசுதான், ஆனாலும் இடுப்பில்தான் இருப்பான். அவனுக்கு இழுப்பு. குளிர்காற்று பட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிச் சத்தம் வரும். படுத்தால் மூச்சு முட்டும். சாய்ந்து உட்காரத்தான் முடியும். சுவரில் சாய்ந்தால் சுவர் குளிரும் என்று மேகலா அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் முதுகைக் கொடுப்பாள். அப்படியே அவனும் தூங்கிப்போவான், அவளும் தூங்கிப்போவாள்.

பாவாயியின் ஓட்டமெல்லாம் அவனைச் சுற்றித்தான். ஆஸ்பத்திரி, கஷாயம், கோயில், மந்திரிப்பு, யார் எதைச் சொன்னாலும் அங்கே ஓடுவாள். மேகலாவைப் பற்றி அவளுக்குக் கவலையே இருந்ததில்லை. கவலை கொடுக்கிற பிள்ளை இல்லை அது. ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் வீட்டுக்கு எதிரேயே இருந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் மேகலா ஓடிவந்து தம்பியைப் பார்த்துவிட்டு ஓடுவாள். ஆறாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும். பெண்கள் பள்ளிக்கூடம். பஸ்ஸில் போனால் சாயந்திரம்தான் வர முடியும்.

பாவாயி கை கழுவப் போயிருந்தாள். மரத்தூளையும் சோப்புத்தூளையும் சேர்த்துத் தேய்த்தால்தான் அந்த ஷெட்டின் அழுக்குப் போகும்.

"மாமா," என்றாள் மேகலா, "பெரிய ஸ்கூல்ல ஒரு ரூமுக்குள்ள எலும்புக்கூடு நிக்குமாமே, நெசமா?"

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்."

"அம்மா அடுத்த வருஷம்னு சொல்லிருச்சு." கொஞ்சம் யோசித்தாள். "அதுக்குள்ள அது எங்கயும் போயிடாதுல்ல மாமா?"

"எங்க போகும்? காலு இருக்குது சரி, செருப்புக்கு எங்க போகும்?"

மேகலா சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துப் பூபதியும் சிரித்தான். சிரித்ததில் அவனுக்கு இருமல் வந்தது. மேகலா சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் முதுகைத் தடவ ஆரம்பித்தாள்.

சித்தேசு எழுந்து தண்டவாளத்தைத் தாண்டி வெளியே வந்தான். பாவாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமையோட டவுன் ஸ்கூல்ல சேர்க்கை முடியுது."

"தெரியும்."

"இந்த வருஷம் விட்டுட்டா அப்புறம்…"

"அப்புறம் என்ன? அவ கெட்டிக்காரி. ஒரு வருஷம் கழிச்சுப் போனாலும் பிடிச்சுக்குவா. நான் விடிய மலையேறிட்டா இவனை யாரு பார்க்கறது? நீ பார்க்கறியா? வண்டிக்கு அடியில படுக்க வெச்சுக்குவியா?"

"நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உனக்கு மூக்குச் சிந்தி விட்டவ நான். எனக்குப் புள்ளை வளர்க்கச் சொல்லித் தர்றியா?"

"நான் இருந்துக்கறேன் மாமா," என்றாள் மேகலா. "எனக்கு ஒண்ணுமில்ல."

சித்தேசு அக்கா பிசைந்து வைத்த சோற்றைத் தின்று முடித்தான். தட்டைக் கழுவி வைத்தான். பிறகு தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தான்.

"இந்தா, வா. டிஃபரன்ஷியலை இறக்கணும்."

ஆயிலை வடித்தார்கள். கருகிப்போன தேன் மாதிரி இறங்கியது. சக்கரங்களைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஆக்சிலை உருவினார்கள். உருண்டையை வெளியே இழுக்கும்போது கனம் தாங்காமல் பாவாயி மடியிலேயே வாங்கினாள். சேலையெல்லாம் எண்ணெய். பிள்ளை பெற்றவள் பிள்ளையை வாங்குவது போல வாங்கினாள் என்று டீக்கடைக்காரர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் வைத்துத் திறந்து காட்டினான். பக்கத்துக்கு ஒரு பல்சக்கரம். நடுவில் அதைவிடச் சின்னதாக இரண்டு.

"இதுதானா அது?" என்றாள் பாவாயி. "எல்லாத்தையும் வழுக்குறதுக்கே கொடுத்துட்டு நிக்கிறதைப் பட்டினி போடுதே, அந்த ஓரவஞ்சனைக்காரி இவதானா?"

"ஓரவஞ்சனை இல்ல. இது ரெண்டுக்கும் ஒண்ணுபோலத்தான் தள்ளுது."

"நல்லா இருக்குதே நியாயம்! ஒண்ணு அந்தச் சுத்து சுத்துச்சு. ஒண்ணு அசையவே இல்ல. நான்தான் பார்த்தேனே."

சித்தேசு கூரைக் கம்பியில் ஒரு பழந்துணியைக் கட்டித் தொங்கவிட்டான். அதற்குப் பக்கத்தில் தன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஒரு கையைத் துணிமேல வை. இன்னொண்ணை என் கைமேல வை. ரெண்டையும் தள்ளணும். ஆனா ரெண்டு கையிலயும் ஒரே பலம்தான் இருக்கணும். கூடக் குறைய இருக்கக் கூடாது."

பாவாயி தள்ளினாள். துணி எதிர்த்து நிற்காமல் ஒதுங்கிப் பறந்தது. தம்பியின் கைமேல் அவள் கை ஈ உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"தள்ளு."

"தள்ளினா துணி ஓடுதே. துணிமேல பலமே நிக்க மாட்டேங்குது."

"சரி. என் கைக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலை."

"சமமாத்தானே கொடுத்த?"

"சமமாத்தான் கொடுத்தேன்."

"துணி எவ்வளவு தாங்குச்சோ, அவ்வளவுதான் என் கைக்கும்."

பாவாயி துணியைப் பார்த்தாள். தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். வெளியே மேகலா, பூபதி முதுகைத் தட்டிக்கொண்டே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பூனைக்குட்டிச் சத்தமும் நடுநடுவே கேட்டது.

அடுத்த நாள் ரேஸ் காரின் உருண்டையைப் பூட்டினார்கள். அதற்குள் வட்ட வட்டமாகத் தகடுகள். தோசை அடுக்கின மாதிரி ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். ஒவ்வொன்றையும் ஆயிலில் நனைத்து வைக்க வேண்டும். ஒரு சக்கரம் தனியாகச் சுற்ற ஆரம்பித்தால் இந்தத் தகடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இன்னொரு சக்கரத்தையும் இழுக்கும். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பது ஷிம் கையில் இருக்கிறது. ஷிம் என்றால் காகிதம் மாதிரி மெல்லிய வளையம். சித்தேசு அளந்து, இத்தனைதான் என்று எடுத்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

பாவாயி தகடுகளை அடுக்கினாள். ஷிம்மை வைத்தாள். கையால் திருகிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நழுவுகிற மாதிரி இருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியிலிருந்து இன்னொரு ஷிம்மை எடுத்து உள்ளே வைத்து மூடினாள். நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கினாள். திரும்பி வந்த சித்தேசு கையால் திருகிப் பார்த்தான். அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"ஓட்டிப் பாரு," என்று மட்டும் சொன்னான்.

நேர் ரோட்டில் கார் அழகாகப் போயிற்று. மலையின் முதல் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் திரும்பவில்லை. பின்பக்கம் தவளை மாதிரித் தவ்வியது. டயர் ரோட்டில் கிறீச்சிட்டு இழுபட்டது. ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. எப்படியோ ஒதுக்கி, முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வாத்தியாரே, இது வளையவே மாட்டேங்குது."

"என்ன பண்ணின?"

"ஒரு ஷிம் கூடப் போட்டேன்."

"ஏன்?"

"ஒண்ணை விட்டு ஒண்ணு போகவே கூடாதுன்னு. ரெண்டும் எப்பவும் ஒண்ணாவே இருக்கட்டும்னு."

சித்தேசு குனிந்து தரையில் கரிக்கட்டியால் வளைவாக ஒரு கோடு போட்டான். அதற்கு உள்பக்கம் இன்னொரு வளைவு போட்டான்.

"எது நீளம்?"

"வெளியில இருக்கறது."

"உள்ள இருக்கற சக்கரம் மெதுவாப் போகும். வெளிய இருக்கறது ஓடித்தான் ஆகணும். ரெண்டையும் ஒரே கம்பியில கட்டிட்டா?"

"அதான் பார்த்தேனே. தவ்வுது."

"நேரா மட்டும்தான் போகும். மலையில நேரான ரோடு எங்க இருக்குது?"

பாவாயி ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள். சாயந்திரம் வரைக்கும் ஆயிற்று. சித்தேசு உதவிக்கு வரவில்லை. அந்த ஒற்றை ஷிம்மை வெளியே எடுத்தபோது அதன்மேல் அவள் விரல் ரேகை அப்படியே படிந்திருந்தது. துடைத்துப் பெட்டியில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. சேற்றில் ஏற்றிப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றான் சித்தேசு. பாவாயி கிளம்பும்போது மேகலா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பூபதி அவள் முதுகில் சாய்ந்திருந்தான். கண் மூடியிருந்தது, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

"இன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும்தானாம்மா," என்றாள் மேகலா. எதைச் சொல்கிறாள் என்று சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தும் சொல்லவில்லை. மழையைப் பார்த்துச் சொன்னாள்.

"உள்ள கூட்டிட்டுப் போ. அவனுக்குச் சாரல் அடிக்குது," என்று சொல்லிவிட்டுப் பாவாயி காரில் ஏறினாள்.

கொண்டை ஊசி வளைவுகளில் கார் பூனை மாதிரித் திரும்பியது. சித்தேசு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. தோட்டத்துப் பாதையில் இறங்கி, அந்த ஏற்றத்துக்கு வந்தார்கள். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. சர்ரென்று சுற்றியது. சேறு வாரிப் பின்கண்ணாடியை மூடியது. பழக்க தோஷத்தில் பாவாயியின் கை கதவைத் திறக்கப் போயிற்று. சாக்கு பின்சீட்டில்தான் இருந்தது.

"இறங்காதே," என்றான் சித்தேசு. "நிதானமாக் குடு."

கொடுத்தாள். அடியில் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது. கிர்ரென்று ஒரு உறுமல். காரின் வலது பக்கம் யாரோ தோள் கொடுத்து உந்துகிற மாதிரி இருந்தது. இடது இன்னும் சுற்றிக்கொண்டு, இன்னும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கார் அசைந்தது. ஒரு முழம். இன்னொரு முழம். பிறகு தயங்காமல் ஊர்ந்து மேலேறி, அகலமான பாறைமேல் போய் நின்றது.

பாவாயிக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டியரிங்கைக் குத்திக் குத்திச் சிரித்தாள். அந்தப் பெரிய டீச்சரின் செருப்பு எங்கே கிடக்கிறதோ என்று சொல்லிச் சிரித்தாள். சித்தேசுவும் சிரித்தான். சின்ன வயசில் இரண்டு பேரும் மழையில் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடியபோது சிரித்த சிரிப்பு அது. அப்புறம் அவளுடைய சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"வாத்தியாரே," என்றாள். தண்டவாளத்துக்கு வெளியே அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் திரும்பிப் பார்த்தான்.

"இடது கடைசி வரைக்கும் வழுக்கிட்டேதான் இருந்துச்சு."

"ஆமா."

"அதை நாம ஒண்ணும் சரி பண்ணலையே."

"பண்ணலை. சேறு சேறுதான்."

கூரைமேல் மழை தட்டிக்கொண்டிருந்தது. பாவாயி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தாள். பிறகு கேட்டாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

"மேகலாவை அனுப்பிட்டா, பூபதி என்ன ஆவான்?"

சித்தேசு கையை நீட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

"இறங்கிப் போய்ப் பாரு," என்றான். "அந்த இடது சக்கரம் இப்போ எங்க நிக்குதுன்னு."

பாவாயி இறங்கினாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். பள்ளம் கீழே கிடந்தது. அதற்குள் வெறும் தண்ணீர்தான் நிறைந்துகொண்டிருந்தது. இடது சக்கரம் பல்லெல்லாம் சேறும் புல்லுமாக, வலது சக்கரம் நின்ற அதே பாறைமேல் நின்றது. மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டிருந்தது.

அவள் அங்கேயே நனைந்தபடி நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்து, வண்டியை மலை இறங்கும் பக்கம் திருப்பினாள். டவுன் பள்ளிக்கூடம் சாத்துவதற்கு இன்னும் நேரம் இருந்தது.